பத்துக்குப் பத்து ரூம்ல பாட்டு கேக்க ஸ்டூடியோ மானிட்டரா, புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரா?

பாட்டு கேக்க நல்ல ஸ்பீக்கர் வாங்கணும், ஸ்டூடியோ மானிட்டர் வாங்கலாமா இல்ல சாதா புக்ஷெல்ஃப் போதுமான்னு தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துல நெறைய பசங்க கேக்குறாங்க. மானிட்டர்னா ஸ்டூடியோல மிக்ஸிங் பண்றவங்க, அதாவது குரல், வாத்தியம் எல்லாத்தையும் அளவா சேக்குறவங்க வச்சுக்குற ஸ்பீக்கர், பெரும்பாலும் உள்ளேயே ஆம்ப் இருக்கும்; புக்ஷெல்ஃப்னா ஷெல்ஃப்ல வைக்கிற அளவுக்கு சின்ன வீட்டு ஸ்பீக்கர். எல்லாரும் மொதல்ல சொல்றது மாடல் பேரும் வாட்ஸும்தான். ரூம் எவ்ளோ பெருசு, எங்க உக்காந்து கேப்பன்னு திருப்பி கேட்டா அப்புறம்தான் அது வெளிய வருது. என்னைப் பொறுத்தவரைக்கும் அந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சாலே முக்கால்வாசி முடிவு ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

ஒரே எடத்துல, ஸ்பீக்கர் ரெண்டும் நம்மள பாக்குற மாதிரி, மூணு நாலு அடி தூரத்துல உக்காந்து பாட்டு மட்டும் கேக்குற ஆளுன்னா மானிட்டர் வாங்குங்க, அந்தக் காசுக்கு அத விட நல்ல சத்தம் வேற எதுலயும் கெடைக்காது. அம்மா சமையக்கட்டுல இருந்து கேக்கணும், சாயங்காலம் டிவியும் அதுலயே ஓடணும், தங்கச்சி போன்ல இருந்து ப்ளூடூத்ல போடணும்னா மானிட்டர் வேணாம், ப்ளூடூத்தும் ரிமோட்டும் இருக்க பவர்டு (உள்ளேயே ஆம்ப் இருக்க) புக்ஷெல்ஃப் வாங்குங்க. இது முடிவு, இனிமே சொல்லப் போறது ஏன்னு.

மொதல்ல ஒரு பயத்த போக்கிடுறேன். மானிட்டர்னா மிக்ஸிங் பண்றவங்களுக்கு மட்டும்தான், வீட்ல கேட்டா வறட்சியா இருக்கும், காது வலிக்கும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது. அந்தப் பேச்சு வந்ததுக்கு ஒரு காரணம் யமஹா என்எஸ்-10ன்ற ஸ்பீக்கர். 1978ல யமஹா அத வீட்ல பாட்டு கேக்கத்தான் கொண்டு வந்தாங்க, வீட்டுக்காரங்க யாரும் பெருசா கண்டுக்கல. ஆனா ஸ்டூடியோ இஞ்சினியர்ங்க அத மிக்ஸிங் மேஜைக்கு மேல தூக்கி வச்சுட்டாங்க, ஏன்னா பேஸ் கம்மி, மிட்ரேஞ்ச் (குரல் வர்ற நடு சத்தம்) மூஞ்சில அடிக்கிற மாதிரி வரும், மிக்ஸ்ல இருக்க தப்பு எல்லாம் அதுல அப்பட்டமா தெரிஞ்சிடும். ட்வீட்டர் (கீச்சு சத்தம் குடுக்குற சின்ன ஸ்பீக்கர்) கூச்சம் தாங்காம அதுமேல டிஷ்யூ பேப்பர் ஒட்டி வச்சு வேல செஞ்சவங்க உண்டு. 2001ல அத நிறுத்திட்டாங்க, ஆனா அந்த வெள்ளை கோன் மட்டும் இன்னிக்கு வரைக்கும் யமஹாவோட ஹெச்எஸ்5 மானிட்டர்ல அப்படியே இருக்கு. ஆக மானிட்டர்னு பேர் போட்டிருந்தா அது நேரான சத்தம்னும் அர்த்தம் இல்ல, காத அறுக்கும்னும் அர்த்தம் இல்ல, ஒவ்வொரு மாடலும் தனித்தனி.

இன்னொன்னு, கனடாவுல ஃப்ளாய்ட் டூல்னு ஒரு ஆராய்ச்சியாளர் தேசிய ஆராய்ச்சி கவுன்சில்லயும் அப்புறம் அமெரிக்கால ஹர்மான் கம்பெனியிலயும் பல வருஷம் ஸ்பீக்கர திரைக்குப் பின்னாடி மறைச்சு வச்சு ஜனங்கள கேக்க வச்சு பாத்தாரு. எந்த கம்பெனின்னு தெரியாம கேக்குறப்ப பெரும்பாலான ஆளுங்க புடிச்சிருக்குன்னு சொன்னது நேரா வர்ற சத்தம் சமமாவும், பக்கவாட்டுல போற சத்தம் சீராவும் இருந்த ஸ்பீக்கரத்தான். நல்ல மானிட்டர்னா அதானே. அதனால வீட்ல கேக்க மானிட்டர் ஆகாதுங்குறது சும்மா.

இப்ப ரூமுக்கு வருவோம், நான் அதிகமா பேச விரும்புறது இதப் பத்திதான், ஏன்னா நம்ம பக்கத்து வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம். நம்ம ஏரியால பாதி ரூம் பத்துக்குப் பத்து, சிலது எட்டுக்குப் பத்து, சீலிங்கும் கிட்டத்தட்ட அதே பத்தடி. காத்துல சத்தம் செகண்டுக்கு ஏறக்குறைய 345 மீட்டர் ஓடும், பத்தடி செவுருக்கு நடுவுல அது போயி திரும்பி வந்து தன் மேலயே ஏறி நிக்கிற அலைவரிசை 56, 57 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், இந்த நம்பர் கொறய கொறய பேஸ் ஆழமா இருக்கும். நீளம் அகலம் உயரம் மூணும் ஒரே அளவுன்னா மூணு பக்கமும் அதே அலைவரிசையில ஏறும். பேஸ் கிட்டார்ல ஏ கம்பிய சும்மா தட்டினா 55 ஹெர்ட்ஸ், அதாவது எண்பதுகள்ல வந்த பாட்டுல பேஸ் கிட்டார் ஓடுற லைன்ல அந்த ஒரு ஸ்வரம் வர்றப்ப மட்டும் ரூம் கும்முனு ஒறுமும், அடுத்த ஸ்வரம் காணாம போயிடும். இதுக்கு ஸ்பீக்கர குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, 15,000 போட்டாலும் ஒரு லட்சம் போட்டாலும் அந்த செவுரு அங்கதான் நிக்கும். எட்டுக்குப் பத்து ரூம் பாக்க சின்னது, ஆனா ஒரு பக்கம் 56லயும் இன்னொரு பக்கம் 70லயும் ஏறுறதால ஒரே எடத்துல குவியாது, சதுர ரூம விட அது தேவலாம்.

அதே ரூம்ல நட்ட நடுவுல உக்காந்தா அந்த 56 ஹெர்ட்ஸ் சுத்தமா வத்திப் போயிடும், முதுக செவுத்துல சாய்ச்சு உக்காந்தா ரெண்டு மடங்கு கேக்கும். பின் செவுத்துல இருந்து மூணரை நாலு அடி முன்னாடி நாற்காலிய போட்டு பாருங்க, பேஸ் ஓரளவு சமமாயிடும், பைசா செலவு இல்ல. ஸ்பீக்கர மூலைல சொருகாதீங்க, ஒவ்வொரு செவுரும் கிட்ட வர வர பேஸ் ஏறிக்கிட்டே போகும். செவுத்துல ஒட்டுற ஒரு இன்ச் முட்டை டப்பா மாதிரி ஃபோம் விக்கிறாங்களே, அது பேஸுக்கு ஒண்ணும் பண்ணாது, 56 ஹெர்ட்ஸ் அலையோட நீளமே ஆறு மீட்டர், ஒரு இன்ச் ஸ்பாஞ்சு அத என்ன பண்ணும், எதிரொலியத்தான் கொஞ்சம் கொறைக்கும். அதுக்கு பதிலா வீட்ல இருக்க இலவம்பஞ்சு மெத்தைய சுருட்டி பின் மூலைல நிறுத்தி வைங்க, அது எவ்ளோவோ மேல். ஸ்டீல் பீரோ இருந்தா அதோட கதவ கவனிங்க, பேஸ் வர்றப்ப கூட சேந்து கிர்ருனு அடிக்கும், அத கேட்டுட்டு ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க. மாடில ஷீட் போட்ட ரூம்னா பேஸ் கொஞ்சம் வெளிய ஓடிடும், கும்முறது கம்மி, ஆனா பக்கத்து வீட்டுக்கும் அவ்ளோ கேக்கும்.

இதனால நான் தெளிவா சொல்றது, இந்த அளவு ரூமுக்கு 5 இன்ச் வூஃபருக்கு (பேஸ் குடுக்குற பெரிய கோன்) மேல போகாதீங்க. 8 இன்ச் ஆசையா இருக்கும், புரியுது, ஆனா அது குடுக்குற கீழ் பேஸ இந்த ரூம் கெடுக்கத்தான் செய்யும், அதுவும் போக காமன் செவுரு. ஹவுசிங் போர்டுலயோ லைன் வீட்டுலயோ இருந்தா ராத்திரி பத்து மணிக்கு மேல 40 ஹெர்ட்ஸ அடுத்த வீட்டு தாத்தா தலகாணிக்குள்ள அனுப்புறது நல்லதில்ல.

சரி, 5 இன்ச்சுன்னு முடிவாச்சு, எது வாங்குறது. இங்க ஜனங்க அதிகமா பாக்குறது யமஹா ஹெச்எஸ்5, ஜேபிஎல் 305பி மார்க் 2, ஆடம் டி5வி, கேஆர்கே ரோக்கிட் 5. மொதல்ல வாட்ஸ மறந்துடுங்க, ஜேபிஎல் 82 வாட்ஸ், யமஹா 70 வாட்ஸ், இந்த வித்தியாசம் காதுல ஒரு டெசிபல் கூட வராது. பேஸ் எவ்ளோ கீழ போகுதுங்குறத பாருங்க, அதையும் கவனமா பாருங்க. ஹெச்எஸ்5க்கு 54 ஹெர்ட்ஸ்னு போட்டிருப்பாங்க, அது சத்தம் 10 டெசிபல் கொறஞ்ச எடம், உண்மையா பலமா நிக்கிறது 74 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். ஜேபிஎல் அதே கணக்குல 43, பலமா நிக்கிறது 49 வரைக்கும். பேப்பர்ல 11 ஹெர்ட்ஸ் மாதிரி தெரியும், கேட்டா நல்லாவே தெரியிற வித்தியாசம்.

ஹெச்எஸ்5 யாருக்குன்னா, அம்பது அறுபதுகளோட பாட்டு, கர்நாடக சங்கீதக் கச்சேரி, குரலு, வயலின் இதுதான் எனக்கு உலகம்னு இருக்கவங்களுக்கு. அந்தக் காலத்து ரெக்கார்டிங்ல கீழ் பேஸ் ரொம்ப இருக்காது, பாட்டு பூரா மிட்ரேஞ்ச்லதான் இருக்கு, அங்க ஹெச்எஸ்5 குரல எடுத்து முன்னாடி நிறுத்தும், வார்த்தை வார்த்தையா கேக்கும். ஆனா ஒரு விஷயம், பழைய பாட்ட ரீமாஸ்டர்னு சொல்லி எக்கோவும் பேஸும் ஏத்தி விட்டிருப்பாங்க பாருங்க, அது இதுல கேட்டா கஷ்டமா இருக்கும். நல்ல பிரதியா தேடி கேக்க ஆரம்பிச்சிடுவீங்க, அது எனக்கு நல்ல விஷயமாத்தான் படுது. கூடவே வீட்ல பாடி ரெக்கார்டு பண்ற, கானா ட்ராக் மிக்ஸ் பண்ற பையன்னா கண்ண மூடிட்டு இத வாங்கலாம்.

வெறும் கேக்குறதுக்கு மட்டும்னா என்னோட ஓட்டு 305பிக்கு. ட்வீட்டர சுத்தி குழி மாதிரி ஒரு வேவ்கைடு இருக்கும், ஜேபிஎல் 2013ல எடுத்த எம்2ன்ற பெரிய ஸ்டூடியோ மானிட்டர்ல இருந்து வந்த டிசைன் அது, அதனால சத்தம் பக்கவாட்டுலயும் சீரா பரவும், தலைய கொஞ்சம் அசைச்சாலும் கூட இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்தாலும் பாட்டு கலையாது. டோலக், தவிலு, பறைல அடி விழுறப்ப தோலுக்குப் பின்னாடி இருக்க அதிர்வு வரைக்கும் கேக்கும், பேஸ் கிட்டார் லைன் உருவமா தெரியும். இதுக்கு எல்லாரும் சொல்ற குறை ஹிஸ், பாட்டு ஓடாதப்ப ட்வீட்டர்ல இருந்து லேசா உஸ்ஸுன்னு வரும். இந்த விலை மானிட்டர்ல பலதுலயும் கொஞ்சம் உண்டு, இதுல கூடுதலா கேக்கும். வெளிநாட்டுக்காரங்க ரிவ்யூ படிச்சுட்டு இதுக்காகவே வேணாம்னு சொல்ற பசங்க இருக்காங்க, ஆனா யோசிச்சு பாருங்க, வருஷத்துல பத்து மாசம் தலைக்கு மேல ஃபேன் அஞ்சுல ஓடுது, ஜன்னல் தொறந்திருக்கு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரி போயிட்டே இருக்கு, அந்த உஸ்ஸு எங்க கேக்கப் போகுது. தலைமாட்டுல ஸ்பீக்கர் வச்சு ஏசி ரூம்ல ராத்திரி கேக்குறவங்க மட்டும் இத யோசிங்க.

டி5வி கொஞ்சம் விலை கூட. ட்வீட்டர் சாதா டோம் கெடையாது, மடிச்சு வச்ச ரிப்பன் மாதிரி, தம்பூரா ஸ்ருதி, வீணை மீட்டு, ஜால்ரா இதெல்லாம் கூச்சமே இல்லாம நுணுக்கமா வரும். பின்னாடி ஆர்சிஏ (டிவிடி பிளேயர்ல வர்ற செவப்பு வெள்ளை பின்) இன்புட்டும் இருக்கு, வீட்டுக்கு அது பெரிய வசதி. கச்சேரி கேக்குற ஆளு, கைல காசு இருக்குன்னா 305பிக்கு மேல நான் இத சொல்வேன். ரோக்கிட் பேஸ் கொஞ்சம் ஜாஸ்தியா பாட்ட ஷோக்கா காட்டும், புதுப் பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா சதுர ரூம்ல அது ஏற்கனவே கும்முறத இன்னும் கும்ம வைக்கும், அதனால எனக்கு அவ்ளோ விருப்பம் இல்ல. போர்ட் (பேஸ் காத்து வெளிய வர்ற ஓட்டை) முன்னாடி இருக்கு, செவுத்துல ஒட்டி வைக்கலாம்னு அத வாங்குறவங்க இருக்காங்க. ஆனா பின்னாடி போர்ட் இருக்க மானிட்டருக்கும் காத்து போக அரையடி எடம் விட்டா போதும். பேஸ் எல்லாப் பக்கமும் பரவுற சத்தம், ஓட்டை எந்தப் பக்கம் இருந்தாலும் செவுரு கிட்ட இருந்தா ஏறத்தான் செய்யும்.

இப்ப மானிட்டர் வாங்குனா வர்ற தொல்லைங்க, இத யாரும் கடைல சொல்ல மாட்டாங்க. ஸ்பீக்கர் ரெண்டுக்கும் தனித்தனி கரண்ட் வயர், ரெண்டு ப்ளக் பாயிண்ட் வேணும், பழைய வீட்ல ரூமுக்கு ஒண்ணு இருந்தா பெருசு. வால்யூம் ரெண்டுக்கும் தனித்தனியா பின்னாடி இருக்கும், ரிமோட் கெடையாது, ப்ளூடூத் கெடையாது. யமஹால, ஜேபிஎல்ல எல்லாம் எக்ஸ்எல்ஆர், டிஆர்எஸ்னு ஸ்டூடியோ ப்ளக் மட்டும்தான், போன் ஒயர நேரா சொருக முடியாது. அதனால கூட ஒரு சின்ன ஆடியோ இண்டர்ஃபேஸ் (லேப்டாப் யூஎஸ்பில மாட்டுற சவுண்ட் பெட்டி) கணக்குல வச்சுக்கோங்க, அது வால்யூம் குமிழாவும் ஆகும், லேப்டாப்ல இருந்து சுத்தமாவும் சத்தம் எடுக்கும். இல்லன்னா போன்ல சொருகுற டைப் சி டாங்கிளும் 3.5 மிமீ பின்ல இருந்து கால் இன்ச் பின் ரெண்டா பிரியிற வயரும் போதும். ஸ்பீக்கருக்கு மட்டும் பட்ஜெட் போட்டுட்டு வயருக்கு காசு இல்லாம நிக்காதீங்க.

ஹம் சத்தம் தனி கதை. லேப்டாப் சார்ஜர் போட்டவுடனே ஸ்பீக்கர்ல உய்ங்குனு வந்தா அது எர்த் பிரச்சனை, இண்டர்ஃபேஸ்ல இருந்து இரைச்சல உள்ள விடாத பேலன்ஸ்டு டிஆர்எஸ் வயர் போட்டா பெரும்பாலும் போயிடும். சில பேரு எர்த் பின்ன ஒடச்சு ரெண்டு பின்னா சொருக சொல்வாங்க, தயவு செஞ்சு அத பண்ணாதீங்க, மெட்டல் பாகத்துல கரண்ட் ஏறுனா உயிர் போற விஷயம். பழைய வீட்ல மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும், எர்த் வயரே இழுத்திருக்க மாட்டாங்க, எலெக்ட்ரீசியன கூப்பிட்டு அத மொதல்ல பாருங்க. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓட்டுனாலும் ஒறுமும், கரண்ட் போனா அணைச்சு வச்சிடுங்க. அமெரிக்காவுல இருக்க மச்சான் வர்றப்ப கம்மி விலைல கொண்டு வரட்டும்னு யோசிச்சா பின்னாடி வோல்டேஜ் என்ன போட்டிருக்குன்னு போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, 100ல இருந்து 240 வரைக்கும்னு இருந்தா சரி, 120 மட்டும்னா நம்ம ஊரு 230ல சொருகுன அன்னிக்கே அது போச்சு.

இவ்ளோ தொல்லை வேணாம்னு தோணுச்சுன்னா தப்பே இல்ல, எடிஃபையர் ஆர்1280டிபி மாதிரி ஒண்ணு வாங்குங்க, பாதி காசுலயே முடிஞ்சிடும். ஒரே ப்ளக், ரிமோட், ப்ளூடூத், டிவிக்கு ஆப்டிகல், ஆர்சிஏ எல்லாம் இருக்கு. மானிட்டர் அளவு நுணுக்கம் வராது, பாட்டுக்குள்ள யாரு எங்க நிக்கிறாங்கன்னு அவ்ளோ துல்லியமா தெரியாது, ஆனா சத்தம் மிருதுவா இருக்கும், நாள் முழுக்க ஓடலாம், வீட்ல எல்லாரும் கை வைக்கலாம். இதுல ஒரு நியாயமும் இருக்கு. கம்மி சத்தத்துல நம்ம காதுக்கு பேஸ் கம்மியா கேக்கும், இத 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு அளந்து சொல்லிட்டாங்க. காமன் செவுருக்கு பயந்து சின்ன சத்தத்துல கேக்குறவங்களுக்கு நேரான மானிட்டர் மெலிஞ்சு போன மாதிரி தெரியலாம், பேஸ் குமிழ் இருக்க ஸ்பீக்கர் அங்க கை குடுக்கும். மானிட்டர் வாங்கிட்டா போன்லயோ லேப்டாப்லயோ ஈக்யூ (ஈக்வலைசர்) போட்டு ராத்திரிக்கு மட்டும் பேஸ கொஞ்சம் ஏத்திக்கோங்க, அது ஒண்ணும் பாவம் இல்ல.

நடுவுல ப்ரீசோனஸ் எரிஸ் 3.5, மேக்கி சிஆர்3 மாதிரி குட்டி மானிட்டர் இருக்கு, முன்னாடியே வால்யூம், ஹெட்ஃபோன் ஓட்டை எல்லாம் உண்டு. மேஜைல லேப்டாப்புக்கு ரெண்டு பக்கமும் வச்சு ரெண்டடில கேட்டா அருமை. எரிஸ் 80 ஹெர்ட்ஸோட நிக்கும், டோலக் அடி பாதிதான் வரும், தெரிஞ்சு வாங்குங்க.

அப்பா காலத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் நல்ல நிலைமைல இருந்தா பேசிவ் (உள்ள ஆம்ப் இல்லாத) புக்ஷெல்ஃப் மட்டும் வாங்கி மாட்டுறது ரொம்ப நல்ல வழி. ரிச்சி ஸ்ட்ரீட்ல போர்டு வாங்கி அசெம்பிள் பண்ண 4440ன்ற ஆம்ப் சிப் போட்ட செட்டு இன்னும் நெறைய வீட்ல தூங்குது, அது சேனலுக்கு 6 வாட்ஸ்தான், ஆனா 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி இருக்க ஸ்பீக்கர் ஒரு வாட்ஸுக்கே ஒரு மீட்டர்ல 86 டெசிபல் குடுக்கும், சின்ன ரூமுக்கு அது தாராளம். ஹம் இல்லாம இருந்தா ஓட்டுங்க. புதுசா ஆம்ப் வாங்கி பேசிவ் போடுறதுன்னா இந்த பட்ஜெட்டுல மானிட்டருக்கு ஈடு ஆகாது. 5.1 ஹோம் தியேட்டர் பாட்டுக்கு வேணாம், பாட்டு ரெண்டு சேனல்ல இருக்கு.

கடலோரமா இருக்கவங்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்புக்காத்து எல்லா மெட்டலையும் திங்கும், ஆர்சிஏ முனை பச்சை பூத்து ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வரும், மாசம் ஒரு தடவ வயர கழட்டி தொடச்சு மாட்டுங்க. கோன சுத்தி இருக்க வளையம் ஃபோமா ரப்பரான்னு பாருங்க, ஃபோம் இந்த ஈரத்துல சில வருஷத்துல பொடியா உதுந்துடும், ரப்பர் நிக்கும். எண்ணூர் பக்கம் தூசும் சேரும், ராத்திரி மேல ஒரு துணி போட்டு மூடுங்க, ஆனா ஓடுறப்ப மூடாதீங்க, பின்னாடி ஆம்ப் சூடாகும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குறதா இருந்தா பில்லு கேளுங்க, ட்வீட்டர் டோம் அமுங்கி இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. அப்புறம் நல்லா தெரிஞ்ச ஒரு பழைய மோனோ பாட்ட எடுத்துட்டுப் போயி ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே வால்யூம்ல வச்சு நடுவுல உக்காந்து கேளுங்க. குரல் ரெண்டுக்கும் நட்ட நடுவுல நிக்கணும், ஒரு பக்கமா இழுத்துச்சுன்னா எடது வலது வயர மாத்தி சொருகி இன்னொரு தடவ கேளுங்க, அப்பவும் அதே பக்கம் இழுத்தா ஸ்பீக்கர்லயே ஒண்ணு வீக், விலை எவ்ளோ கொறச்சாலும் விட்டுட்டு வந்துடுங்க.